காற்றுக்கு முதுகு காட்டி

வட அரைக்கோளத்தில், வீசும் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், காற்றழுத்தம் குறைந்த இடம் எந்தக் கைப்பக்கம் இருக்கும்? இடக்கைப்பக்கம். விமானி உரிமத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை நடுச்சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். பைஸ் பாலட் விதி என்று இதற்குப் பெயர். 1857இல் இதை வெளியிட்டவர் டச்சு நாட்டு வானிலை அறிஞர். அவர் நாட்டு வணிகர்கள் அதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே, 1613இல், பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, வாடையையும் கொண்டலையும் நம்பித் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். விதி எழுத்தில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கரையில் அது வீசிக்கொண்டிருந்தது.

இந்தியாவில் வணிக விமானி உரிமம் வேண்டுமானால் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டிஜிசிஏ நடத்தும் எழுத்துத் தேர்வுகளைத் தாண்ட வேண்டும். வான்வழி விதிகள், வழிகாணல், வானிலை, விமானத் தொழில்நுட்பம். மாணவர்கள் வாயில் இவை ரெக்ஸ், நேவ், மெட், டெக். எல்லாம் கொள்குறி வினாக்கள். 70 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. இதற்கு மேல் 200 மணி நேரம் பறந்திருக்கவும் வேண்டும். பயிற்சிக்கு ஆகும் பணத்தைச் சொன்னால் நடுத்தரக் குடும்பத்துக்கு மூச்சு நின்றுவிடும். நிலத்தை விற்றோ வீட்டை அடகு வைத்தோ பிள்ளையை அனுப்பியிருப்பார்கள். ஒரு தாளில் தோற்றாலும் மாதங்கள் போகும், வட்டி ஏறும். இந்த நெருக்கடியில்தான் கேள்வி வங்கி வருகிறது. முந்தைய தேர்வை எழுதியவர்கள் நினைவில் கொண்டுவந்த வினாக்கள், அவற்றின் விடைகள், நூற்றுக்கணக்கில். அதை உருப்போட்டால் தேறலாம். தேறுகிறார்கள்.

சூளூர்பேட்டை மெமு ரயிலில் ஒருமுறை அப்படிப் படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். கைபேசியில் கேள்வி வரும். கேள்வி முடிவதற்குள் கட்டைவிரல் விடையைத் தொட்டுவிடும். பேச்சுக் கொடுத்தேன். பைஸ் பாலட் விதியை அழகாகச் சொன்னார். “சரி தம்பி, இந்த விதி எங்கே செல்லாது?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆப்ஷன் என்னங்க சார்?” என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்லும் தேர்வுக்கு அவர் பொருத்தமாகத்தான் தயாராகிக்கொண்டிருந்தார். 2011இல் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் வாங்கியதாகச் சில விமானிகள் நம் நாட்டில் கைதானார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் உருப்போடுகிறவர் உழைப்பாளி. ஆனால் அந்த ரயில் போய்க்கொண்டிருந்த இடம் அப்படிப்பட்டது. கேள்விக்கு விடை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது.

வழியில் வரும் எளாவூர் என்றால் பலருக்குச் சோதனைச்சாவடிதான் நினைவுக்கு வரும். ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னே லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடம். நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே சுண்ணாம்புக்குளம் பக்கம் திரும்பினால் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. பெரும்பாலான இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். மழைக்காலத்தில் நல்ல தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிடும் உப்பு, கோடையில் கடலையே மிஞ்சிவிடும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ராக்கெட் ஏவும் நாளில் விமானிகளுக்கு நோட்டாம் என்ற எச்சரிக்கை அறிவிப்பு போகும். மீனவர்களுக்குக் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வரும். ஒரே ராக்கெட்டுக்கு இரண்டு தாள்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் காற்று வடகிழக்கிலிருந்து வருவது வழக்கம். அது திரும்பி நேர் வடக்கிலிருந்து விடாமல் அடிக்கத் தொடங்கினால் படகுக்காரர்கள் கிழக்கே பார்க்கிறார்கள். “வாட நேரா வடக்கால இருந்து உடாம அடிச்சா, கெழக்கால ஒண்ணு கெடக்குதுன்னு அர்த்தம் சார்” என்று ஏரிக்கரையில் ஒரு பெரியவர் சொன்னார். வலையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார். இப்போது பைஸ் பாலட்டைக் கூப்பிடுங்கள். வடக்குக் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். முகம் தெற்கே, இடக்கை கிழக்கே. காற்றழுத்தம் குறைந்த இடம் வங்கக் கடலில். பெரியவரும் டச்சுக்காரரும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறார்கள்.

ஏன் இடக்கை? காற்று நாலாபுறமிருந்தும் அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கித்தான் புறப்படுகிறது. ஆனால் அடியில் பூமி சுழல்கிறது. அதனால் வட அரைக்கோளத்தில் ஓடும் எதுவும் தன் வலப்பக்கமாக ஒதுங்குகிறது. நேரே போய்ச் சேர முடியாத காற்று அந்த இடத்தைச் சுற்றத் தொடங்குகிறது, கடிகார முள்ளுக்கு எதிராக. சுற்றுகிற காற்றோடு நீங்களும் நடந்தால் சுற்றப்படும் இடம் எப்போதும் உங்கள் இடக்கைப்பக்கம். இவ்வளவுதான். இதைப் பிடித்துக்கொண்டவர் இடதா வலதா என்று நினைவில் வைக்க வேண்டியதே இல்லை. தேவைப்படும்போது நின்ற இடத்தில் செய்துகொள்ளலாம். தரையோடு உராய்வதால் காற்று கொஞ்சம் உள்நோக்கிச் சாய்கிறது, ஆகவே அந்த இடம் சரியான இடப்பக்கமாக இல்லாமல் சற்று முன்பக்கமாக இருக்கும் என்பதும் கூடவே வந்துவிடும். தெற்கு அரைக்கோளத்தில் எல்லாம் தலைகீழ் என்பதும் வரும். புயலின் கண் தலைக்கு மேலே கடக்கும்போது காற்று அடங்கிவிடும், அதை நம்பி வெளியே போனால் சற்று நேரத்தில் தெற்கிலிருந்து அடிக்கும் என்பதும் வரும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரையேறியபோது இதை நேரில் பார்த்தவர்கள் நிறையப் பேர். தெற்குக் காற்றுக்கு முதுகைக் காட்டினால் இடக்கை மேற்கே: புயல் கடலைவிட்டுத் தரைக்குப் போய்விட்டது.

ரயிலில் நான் கேட்ட கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. கோடை மத்தியானத்தில் எளாவூர்ப் பக்கம் கடற்காற்று வரும். கிழக்கிலிருந்து வருகிறது. அதற்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் மேற்கே, இடக்கை தெற்கே. விதிப்படி காற்றழுத்தம் குறைந்த இடம் தெற்கே, சென்னைப் பக்கம் இருந்தாக வேண்டும். கிடையாது. நேர் எதிரே, வெயிலில் காய்ந்து கிடக்கும் தரையின்மேல் இருக்கிறது. சூடேறிய தரைக்கு மேலே காற்று இலேசாகி எழ, குளிர்ந்த கடலிலிருந்து காற்று நேராக அங்கேயே போகிறது. பூமியின் சுழற்சி காற்றை ஒதுக்குவதற்கு நேரம் வேண்டும், தூரம் வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவரும் புயற்காற்றுக்கு அவை கிடைக்கின்றன. சில பத்துக் கிலோமீட்டர் ஓடி இருட்டியதும் ஓய்ந்துவிடும் கடற்காற்றுக்குப் போதிய அளவு கிடைப்பதில்லை. அதே கரை, அதே மனிதன், அதே நிற்பு. ஒரு காற்றுக்கு விதி செல்லும், இன்னொரு காற்றுக்குச் செல்லாது.

மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதைக்கு 07/25 என்று பெயர். மேல்காற்று வீசும் காலையில் ஒரு முனையிலிருந்து இறங்கும் விமானங்கள், கடற்காற்று உள்ளே வந்ததும் மறு முனைக்கு மாற்றப்படுகின்றன. அந்தக் காற்றை மெட் புத்தகம் ஒரு வரையறையாக எழுதி வைத்திருக்கிறது.

விடைகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தக் கரையே போதும். சென்னையிலிருந்து அந்தமான் பக்கம் கிழக்கே ஒரு விமானம் போகிறது. காற்று வடக்கிலிருந்து, அதாவது விமானியின் இடப்பக்கத்திலிருந்து அடித்து, விமானத்தை வலப்பக்கம் தள்ளுகிறது. இது நேவ். அந்தக் காற்றுக்கு முதுகைக் காட்டினால் இடக்கை கிழக்கே, விமானத்தின் மூக்கு இருக்கும் திசையில். ஆகவே காற்றழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம். இது மெட். உயரமானி அளப்பது காற்றழுத்தத்தைத்தான்; அழுத்தம் குறைந்துகொண்டே போகும் இடத்தில், அதைத் திருத்தி வைக்காவிட்டால், உள்ளதைவிடக் கூடுதலான உயரத்தைக் காட்டும். கடல்மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி. பத்து குறைந்திருந்தால் 270 அடி. இது கருவிகளைப் பற்றிய பாடம். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: விமானம் வலப்பக்கம் தள்ளப்படுகிறது என்றால், கருவி சொல்வதைவிடத் தாழ்வாகப் பறந்துகொண்டிருக்கிறேன். தனித்தனித் தாள்களில் மூன்று மதிப்பெண்ணாகச் சிதறிக் கிடந்தது, ஓர் எச்சரிக்கையாக ஒன்று சேர்ந்துவிட்டது.

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, விமானப் பயிற்றுநர்களுக்கென்று வெளியிடும் கையேட்டில் கற்றலுக்கு நான்கு படிகள் சொல்லப்பட்டிருக்கின்றன: மனப்பாடம், புரிதல், பயன்படுத்தல், தொடர்புபடுத்தல். மேலே சொன்னது நான்காவது. படிகள் என்பதில் மட்டும் எனக்கு ஒரு முரண்பாடு உண்டு. படி என்றால் மேலே ஏறியதும் கீழ்ப்படியை விட்டுவிடலாம் என்றாகிறது. விமானிக்கு அப்படி விட முடியாது. என்ஜினில் தீப்பிடித்தால் முதலில் செய்ய வேண்டிய சில வேலைகளைத் தாளைப் பார்க்காமல், வரிசை பிசகாமல், மனப்பாடமாகச் செய்ய வேண்டும் என்பது விமானத் துறையின் ஏற்பாடு. அந்த நேரத்தில் காரணம் ஆராய்கிறவர் ஆபத்தானவர். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை ராகம் போட்டு ஒப்பித்தார்கள். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. அதைக் கேலி செய்வது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. கடையில் நின்று கணக்குப் போட்டவனுக்கு அந்த ஒப்பித்தல்தான் கையில் இருந்த கருவி. பழவேற்காட்டு மீனவர்களும் மனப்பாடக்காரர்கள்தான். ஏரியின் எந்தப் பாட்டில், அதாவது எந்த மீன்பிடி இடத்தில், எந்த ஊர் எந்த நாளில் வலை கட்டலாம் என்ற முறை தலைமுறையாக நினைவிலேயே ஓடிவந்திருக்கிறது.

ஆகவே மனப்பாடத்தை எதிரியாக நிறுத்திப் பேசுவது எளிது, ஆனால் சரியில்லை. கோளாறு வேறெங்கோ இருக்கிறது. 2009ஆம் ஆண்டு நடந்த இரண்டு சம்பவங்கள் எனக்கு அதைக் காட்டின.

ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்தது. 228 பேரும் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனிப்படிகங்கள் சற்று நேரம் அடைத்துக்கொண்டன, தானியங்கி விலகிக்கொண்டது. ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி மூக்கை மேலே தூக்கினார். விமானம் மேலே ஏறி, வேகம் இழந்து, ஸ்டால் ஆனது. அதாவது காற்றை எதிர்கொள்ளும் கோணம் மிஞ்சிப்போய் இறக்கைகள் தாங்கும் திறனை இழந்தன. பிறகு மூன்றரை நிமிடம் போல விழுந்துகொண்டே இருந்தது. ஸ்டால் எச்சரிக்கை பலமுறை அலறியது. பிரெஞ்சு விசாரணை அமைப்பான பிஇஏ 2012இல் இறுதி அறிக்கை தந்தது.

அவர்கள் உருப்போட்டுத் தேறியவர்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்த இருட்டில் நாம் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் அந்த விமானத்தைப் பற்றிய இரண்டு விடைகளைப் பாருங்கள். ஒன்று: ஏர்பஸ்ஸில் கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் கணினி அதை ஸ்டாலுக்குள் போகவிடாது. உண்மைதான், கணினி தன் வழக்கமான நிலையில் இருக்கும்வரை. வேக அளவீடு கெட்டதும் அது வேறொரு நிலைக்கு மாறிவிட்டது. அந்தக் காவல் அதோடு போயிற்று. இரண்டு: எச்சரிக்கை நின்றால் ஆபத்து நீங்கியது. இதுவும் உண்மைதான். ஆனால் அளக்கப்படும் வேகம் 60 நாட் (knot) என்ற அளவுக்குக் கீழே போனால் கணினி கோண அளவீட்டை நம்பாமல் எச்சரிக்கையையே நிறுத்திவிடும். அதனால் மூக்கைத் தூக்கியபோது சத்தம் நின்றது. தாழ்த்தியபோது, சரியான காரியத்தைச் செய்தபோது, திரும்ப அலறியது. இரண்டு விடைகளும் சரியான விடைகள். இரண்டும் தங்கள் எல்லையைத் தாண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தன.

அதே ஆண்டு ஜனவரி 15. நியூயார்க்கில் கிளம்பிய யுஎஸ் ஏர்வேஸ் 1549, அதுவும் ஏர்பஸ், மூவாயிரம் அடிகூட ஏறாத நிலையில் வாத்துக் கூட்டத்தில் மோதி இரண்டு என்ஜின்களின் உந்துதலையும் இழந்தது. இரண்டு என்ஜினும் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அச்சிட்ட பட்டியல் இருந்தது. இருபதாயிரம் அடிக்கு மேலே, நிறைய நேரம் கையிலிருக்கும் நிலைக்காக எழுதப்பட்ட பட்டியல் அது. துணை விமானி அதைப் படித்துச் செய்யத் தொடங்கினார், முடிக்க நேரமில்லை. கேப்டன் சல்லன்பெர்கர் அதற்குள் வால்பகுதியில் இருக்கும் சிறிய துணை என்ஜினைத் தானே இயக்கிவிட்டார். பட்டியலில் அது வெகு கீழே இருந்த வேலை. மின்சாரம் தொடர்ந்து கிடைத்தது. விமானத்தின் காவல் முறைகள் கடைசிவரை வேலை செய்தன. ஹட்சன் ஆற்றில் இறங்கினார்கள். 155 பேரும் பிழைத்தார்கள். அவர் பட்டியலைத் தூக்கி எறியவில்லை, தோழர் கையில் அது இருந்தது. அந்தப் பட்டியல் எந்த உயரத்துக்கு எழுதப்பட்டது என்பது மட்டும் அவருக்குள் தெளிவாக இருந்திருக்கிறது.

உருப்போட்ட விடைக்கு ஊர் இல்லை, நாள் இல்லை. எங்கே கேட்டாலும் இடக்கைதான். காரணத்தோடு கற்றுக்கொண்ட விடைக்கு ஒரு கரை உண்டு. இதுவரை செல்லும், இதற்கப்பால் செல்லாது என்று அதுவே சொல்லும். காரணம் இல்லாமற்போகிற இடத்தில் விடையும் இல்லாமற்போகிறது. ஒன்றைப் புரிந்துகொண்டேன் என்று ஒருவர் சொன்னால், அது எங்கே பொய்யாகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவரை கையில் இருப்பது எவ்வளவு சரியான விடையாக இருந்தாலும் இரவல்தான்.

இதில் மீனவரை மேலே வைத்து மாணவரைக் கீழே தள்ளும் பேச்சுக்கு இடமில்லை. அனுபவமும் ஒருவகை மனப்பாடமே. ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து இடம் மாறும்போது, பாட்டன் காட்டிக்கொடுத்த அடையாளங்கள் பேரனுக்கு உதவாமல் போகின்றன. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரி முனையருகே வெகு வேகமாகப் பலத்துக் கிளம்பியது. குமரி, கேரளக் கரைகளின் ஆழ்கடல் மீனவர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பவில்லை. கடலை அவர்களைவிட நன்றாகப் படித்தவர்கள் யார்? நேரத்துக்கு வந்து சேராத எச்சரிக்கைக்கு ஈடாக எந்த அனுபவமும் நிற்கவில்லை.

தேர்வுகளைத் திருத்த முயற்சி நடக்காமல் இல்லை. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, எழுத்துத் தாள்களோடு ‘ஏரியா 100 கேஎஸ்ஏ’ என்ற பகுதியைச் சேர்த்திருக்கிறது. பயிற்சிப் பள்ளியே மாணவரை உட்காரவைத்து, பல பாடங்களைக் கலந்த சூழலைக் கொடுத்து, யோசிக்கிறாரா என்று பார்க்க வேண்டும்; மனக்கணக்கும் அதில் உண்டு. அமெரிக்கா 2016இல் கொண்டுவந்த தர அளவுகோலில் அறிவு, திறன் இரண்டோடு ஆபத்தைக் கணிப்பதும் ஒன்றாக எழுதப்பட்டது. இவற்றுக்கெல்லாம் நேரம் உள்ள, சம்பளம் கட்டுப்படியாகிற, கேள்வி கேட்கத் தெரிந்த ஆசிரியர்கள் வேண்டும். கணினி முன்னால் உட்காரவைத்துக் கொள்குறி வினா கேட்பது அதைவிட மலிவு, பாரபட்சம் இல்லாததும்கூட. நம் ஊரில் அந்த இரண்டாவது காரணத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. வாய்மொழித் தேர்வு என்றால் சிபாரிசு நுழையும் என்ற அச்சம் காரணமில்லாமல் வந்ததில்லை.

அதனால் கேள்வி வங்கியை எரிக்கச் சொல்ல மாட்டேன். அதிலேயே, ஒவ்வொரு சரியான விடைக்கு அடியிலும், இது எப்போது தப்பாகும் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். பைஸ் பாலட்டுக்கு அடியில்: கடற்காற்றுக்குச் செல்லாது, நிலநடுக்கோட்டை ஒட்டிச் செல்லாது, தெற்கே போனால் வலது. ஸ்டால் ஆகும் வேகம் எவ்வளவு என்ற கேள்விக்கு அடியில்: எடை கூடினால் மாறும், திரும்பும்போது மாறும், மாறாதது இறக்கையின் கோணம் மட்டும். அதை 1944லேயே லாங்கவீஷ என்பவர் ‘ஸ்டிக் அண்ட் ரடர்’ என்ற புத்தகத்தில் பொறுமையாக விளக்கிவிட்டார். இன்றும் விமானிகள் படிக்கிறார்கள். சில கேள்விகளுக்கு அடியில் அரைப்பக்கம் எழுத வேண்டிவரும். சிலவற்றுக்கு எழுத ஒன்றுமே இருக்காது. விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை. அதை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போகலாம்.